கொடைக்கானல் பாதரசம் போன வழி

தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல்காரரின் நாக்குக்கடியில் வைத்த கண்ணாடிக் குழாயில் ஒரு கிராம் அளவு பாதரசமே இருந்திருக்கும். அதே பாதரசம் டன் கணக்கில் குடியிருந்த இடம் கொடைக்கானல். நமக்கு அந்நியமான மலை அல்ல அது. இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் லயங்களை விட்டுப் போனவர்களில் பலர் நீலகிரியிலும் அந்த மலையிலுமே கரை ஒதுங்கினார்கள்.

சாதிலிங்கம் என்ற சிவந்த கல்லை உலையில் வாட்டினால் பாதரசம் ஆவியாகக் கிளம்பும். குளிர்ந்தால் வெள்ளித் துளி. ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் கல்லைத் தோண்டினார்கள். பாதரசத்தைத் திரட்டி ரசமணி கட்ட மெனக்கெட்ட நம் சித்த வைத்தியர்களுக்கு அது எவ்வளவு நழுவும் என்று நன்றாகத் தெரியும்.

1983இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பழைய வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அதன் உரிமையாளர் முதலில் பாண்ட்ஸ் நிறுவனம், பிறகு இந்துஸ்தான் லீவர். அமெரிக்காவிலிருந்து பாதரசமும் கண்ணாடியும் வந்தன; வெப்பமானிகள் அமெரிக்காவுக்கே திரும்பின. கழிவு மட்டும் மலையில் தங்கியது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அகப்பட, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு தூத்துக்குடியில் கப்பலேறி பென்சில்வேனியா போனது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு கையெழுத்தாக 2016 ஆகிவிட்டது.

பீப்பாயில் அடைத்ததை எண்ணலாம், எடை போடலாம். காற்றில் போனதற்குச் சாட்சி சொன்னது கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்பில் வாசத்துக்குப் போடுகிறோமே, அந்த இனம்தான். அதற்கு வேர் இல்லை; காற்றும் மழையும் தருவதே அதன் சாப்பாடு. ஹைதராபாதிலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் கொடைக்கானல் மரங்களிலிருந்து அதைச் சுரண்டி ஆராய்ந்தார்கள். கிராமுக்கு ஏறத்தாழ 8 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். ஆலைச் சரிவின் தண்ணீர் பாம்பார் சோலைப் பக்கம் இறங்குகிறது. கொடை ஏரி வேறு பக்கம். அப்படியும் ஏரிச் சேற்றிலும் மீனிலும் பாதரசம். ஆலை கக்கிய ஆவியையே அதற்குக் காரணமாக அதே ஆய்வகம் 2006இல் காட்டியது.

வெப்பமானியோடு கதை முடியவில்லை. இன்று உலகக் காற்றில் மிகுதியாகப் பாதரசம் கலப்பது சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான். இடித்த தாதுவோடு பாதரசத்தைப் பிசைந்து, திரண்ட உருண்டையைத் தீயில் காட்டுகிறார்கள். தங்கம் நிற்கிறது, பாதரசம் பறக்கிறது. 2015இல் மனிதர் காற்றில் விட்ட சுமார் 2,220 டன்னில் 38 விழுக்காடு இந்த வகை என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கு. அந்த ஆவி மாதக்கணக்கில் அலையும். மழை கழுவி இறக்கும். இலைகள் மூச்சோடு இழுத்து, உதிரும்போது மண்ணில் போடும். தண்ணீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். மீனில் சேருகிற நஞ்சு அதுதான். கண்டம் தாண்டும் இந்தக் காற்றுக்கு ஹட்டனும் நுவரெலியாவும் விலக்கா என்ன?

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. பாதரச வெப்பமானியின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அந்த ஒப்பந்தம் வைத்த கெடு 2020. பாதரச ஆவி விடும் நிலக்கரி உலைகளுக்கு அப்படி ஒரு கெடு இல்லை, வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வதோடு சரி. இலங்கையின் 900 மெகாவாட் நுரைச்சோலை மின் நிலையம் எரிப்பதும் நிலக்கரிதான்.