மரங்கோனி: நீர்க்காகம் தந்த பெயர்

மரங்கோனி என்ற பெயரில் தமிழ்க் காதுக்கு ‘மரம்’ கேட்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் மூலமான ‘மரங்கோனே’ வட இத்தாலியில் தச்சரைத்தான் குறித்தது. இதை நம்பி வேர்தேடக் கிளம்பிவிடக் கூடாது. நம் மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மூழ்கும் பறவையைக் குறித்த ‘மெர்குஸ்’ என்ற லத்தீன் சொல்லே வேர். இத்தாலியில் இன்றும் மரங்கோனே என்றால் நீர்க்காகம். பறவையின் பெயர் நீரில் மூழ்கி வேலை செய்யும் ஆளுக்கு ஆயிற்று. கப்பலின் அடிப்புறத்தை மூழ்கிப் பழுதுபார்த்தவர் வழியே தச்சருக்கும் போயிற்று. வெனிஸில் தச்சர்களை வேலைக்கு அழைத்த பெரிய மணிக்கு ‘மரங்கோனா’ என்று பெயர். சான் மார்க்கோ மணிக்கோபுரம் 1902இல் இடிந்து விழுந்தபோது தப்பிய ஒரே மணி அதுதான்.

பிறகு தச்சரின் அந்தப் பெயர் குடும்பப் பெயராயிற்று. அதைத் தாங்கிய கார்லோ மரங்கோனி 1840இல் பாவியாவில் பிறந்தார். 1865இல் அவர் வெளியிட்ட ஆய்வேடு, ஒரு திரவத்தின்மேல் மிதக்கும் வேறொரு திரவத்தின் துளி பரவுவதைப் பற்றியது. பரப்பு இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு மேற்பரப்பு இழுபடுகிறது என்பதே விஷயம்; ‘மரங்கோனி விளைவு’ என்பது இதுதான். பின்னர் புளோரன்ஸில் பள்ளி ஆசிரியராகக் காலம் கழித்தார்.

இந்த விளைவை முதலில் சொன்னவர் அவரல்லர். கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன், கோப்பையின் உட்சுவரில் ஏறித் துளித்துளியாக வழியும் ‘ஒயின் கண்ணீருக்கு’ 1855இலேயே இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

வெப்பம் மரங்கோனியின் பெயருக்குள் வந்தது இன்னும் சுற்றுவழியில். சூடேறச் சூடேறப் பரப்பு இழுவிசை தளரும்: தண்ணீருக்கு 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன், 100 டிகிரியில் 59. ஆகவே சூடான இடத்து மேற்பரப்பைக் குளிர்ந்த இடம் தன் பக்கம் இழுக்கும். 1900 வாக்கில் பாரிஸில் ஆன்ரி பெனார், ஒரு மில்லிமீட்டர் அளவே தடித்த உருகிய திமிங்கில மெழுகை அடியிலிருந்து சூடாக்கி, தேன்கூடு போல அறுகோண அறைகள் எழுவதைக் கண்டார். சூடான திரவம் லேசாகி மேலெழுவதே காரணம் என்று 1916இல் ராலே பிரபு கணக்குப் போட்டார். ‘ராலே–பெனார்’ என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. 1956இல் பிளாக் சோதனையாலும் 1958இல் பியர்சன் கணிதத்தாலும் காட்டியது வேறு: அவ்வளவு மெல்லிய படலத்தைச் சுழலவைப்பது பரப்பு இழுவிசையே. பெனார் பார்க்காத ஓட்டத்தில் பெனாரின் பெயர் ஒட்டிக்கொண்டது! அவர் பார்த்ததற்கு ‘பெனார்–மரங்கோனி’ என்று தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

தாம்சனே முந்தியவர் என்று 1960இல் நேச்சர் இதழில் எடுத்துச் சொன்னவர்கள் ஸ்க்ரிவனும் ஸ்டெர்ன்லிங்கும். அந்தக் கட்டுரைக்கு அவர்களே இட்ட தலைப்பு ‘மரங்கோனி விளைவுகள்’. அதன்பின் யார் மாற்றுவது? 1990இல் பிலிப்ஸ் ஆய்வாளர்கள், சிலிக்கான் தகட்டை நீரிலிருந்து மெல்லத் தூக்கும்போதே ஆல்கஹால் ஆவியால் ஈரத்தை வழித்திறக்கும் முறையை வெளியிட்டபோது, அதற்கும் ‘மரங்கோனி உலர்த்தல்’ என்றே பெயரிட்டார்கள்.