பப்பாளியில் குழிக்கு எத்தனை கன்று? மண்ணில் ஒரு மரப்படம் வரைந்து பாருங்கள்

பப்பாளி நடவு நேரத்தில் விவசாயிகள் என்னிடம் அதிகம் கேட்பது, "குழிக்கு ஒரு கன்று போதாதா சார்?" என்பதுதான். கோ 2, கோ 5, கோ 6 போன்ற ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றைக் கண்ணால் பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. வேரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு, நம்பி ஏமாற வேண்டாம். நட்டு 4 முதல் 6 மாதத்தில் பூ வந்த பிறகே தெரியும். அதுவரை காய்க்காத ஆண் மரத்துக்கும் தண்ணீர், உரம், களையெடுக்கும் கூலி எல்லாம் செலவழித்திருப்பீர்கள்.

ஒரு கன்று ஆணாக இருக்கப் பாதி வாய்ப்பு, பெண்ணாக இருக்கப் பாதி வாய்ப்பு. இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் மர வரைபடம் என்று வருவது இதுதான், வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குச்சியால் மண்ணில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து இரண்டு கிளை இழுத்து ஒன்றில் ஆண், மற்றதில் பெண் என்று எழுதுங்கள். இது முதல் கன்று. இரண்டு நுனியிலிருந்தும் மறுபடி இரண்டிரண்டு கிளை, அது இரண்டாவது கன்று. இப்போது நுனிகள் நான்கு: ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண், பெண்-பெண். பலர் இடறுவது இங்கேதான். நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றாக எண்ணி, 'மூன்றில் ஒன்று' என்பார்கள். அவை தனித்தனி நுனிகள். ஆகவே பெண்ணே இல்லாத குழி நான்கில் ஒன்று. மூன்று கன்று வைத்தால் நுனி 8, அதில் ஒன்று மட்டும் முழு ஆண். நான்கு கன்றுக்கு 16இல் ஒன்று.

முதல் இரண்டும் ஆணாகிவிட்டால் மூன்றாவது கட்டாயம் பெண்தான் என்றும் நினைக்காதீர்கள். முந்தைய கன்று என்ன என்பது அடுத்த கன்றுக்குத் தெரியாது. அதற்கும் அதே பாதி வாய்ப்புதான்.

இனி ஏக்கருக்கு வருவோம். 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் சுமார் 1,200 குழி வரும். குழிக்கு ஒரு கன்று என்றால் 600 குழியில் காய் இருக்காது. இரண்டு வைத்தால் 300, மூன்றுக்கு 150, நான்குக்கு 75. இது சராசரி, உங்கள் தோட்டத்தில் 75 என்பது 60 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம்.

செலவையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கூடுதலாக 1,200 கன்று வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் 4 கன்று விலையில் ஒரு குழி மிச்சம். இரண்டிலிருந்து மூன்றுக்கு 8 கன்று. மூன்றிலிருந்து நான்குக்கு 16 கன்று. கன்றை விலைக்கு வாங்குபவர்கள் மூன்றோடு நிறுத்தலாமா என்பதை, 16 கன்றின் விலையையும் ஒரு மரத்தின் வருமானத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தமாகப் பைக்கு 4 விதை போட்டு நாற்று விடுபவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் மகரந்தத்துக்கு வேண்டும், அதாவது ஏக்கருக்கு 60 அளவில். நான்கு கன்று வைத்தால் முழு ஆண் குழிகளே ஏறக்குறைய அந்த எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஆனால் அவை தோட்டத்தில் ஒரே பக்கம் குவிந்திருந்தால், ஆண் இல்லாத பக்கத்தில் சில ஆண் மரங்களை விட்டுவையுங்கள்.

கன்று சாவதையும் படத்தில் சேர்க்கலாம். முதலில் பிழைக்கும், சாகும் என்று கிளை பிரியுங்கள். பிழைத்த கிளையில் மட்டும் ஆண், பெண். 10 கன்றில் 8 பிழைத்தால் பெண்ணாக நிற்பது 4 தான். கிளை வழியே போகும்போது பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. இந்தக் கணக்கில் மூன்று கன்று வைத்தாலும் சுமார் 260 குழியில் பெண் இருக்காது, நான்கு வைத்தால் சுமார் 155. செத்த கன்றுக்குப் பதில் கன்று உடனே வைப்பது இதனால்தான் முக்கியம்.

கோ 3, கோ 7 ரகங்களுக்கு இந்தப் படம் பொருந்தாது. அவற்றில் ஆண் மரம் இல்லை; இருபால் மரமும் பெண் மரமும்தான். இருபால் பூவைத் தன் மகரந்தத்தாலேயே சேரவைத்து எடுத்த விதையில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாக வரும். குழிக்கு இரண்டு கன்று வைத்தால் 9இல் ஒரு குழியில்தான் இருபால் மரம் இருக்காது. பூத்ததும் இருபால் மரம் ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

முதலில் சொன்ன ரகங்களில், நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் சிறு பூ ஆண். இலைக்காம்பு இடுக்கில் தண்டை ஒட்டி, அடி பருத்து நிற்கும் பூ பெண். பூ தெளிவாகத் தெரியும் முன் ஒரு கன்றையும் பிடுங்காதீர்கள்.