ஆரோக்கியப்பச்சையும் ஆற்றுமீன்களும்: காட்டியவர் பெயர் எங்கே?

திருவிதாங்கூர் என்னும் அரசு 1949-இல் கொச்சியோடு இணைந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அந்தப் பெயர் ஆட்சி வரைபடத்திலிருந்தே நீங்கிற்று. உயிரியல் நூல்களில் மட்டும் அது இன்னும் வாழ்கிறது. அகத்தியமலைக் காட்டின் நிழலில் வளரும் சிறு செடியொன்றின் அறிவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் டிராவன்கோரிக்கஸ். பம்பையாற்றிலிருந்து கிடைத்ததாக 1941-இல் சுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் விவரித்த குட்டிப் பேத்தை மீனின் இன்றைய பெயர் கரினோடெட்ராடன் டிராவன்கோரிக்கஸ். எந்த நாட்டில் கிடைத்தது என்பதை இவ்விரு பெயர்களும் சொல்கின்றன. அச்செடியையும் அம்மீனையும் ஆய்வாளருக்கு முதலில் காட்டியவர் யார் என்பதைப் பெயர்கள் சொல்வதில்லை. செடியின் செய்தியில் அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் விடை பதிவாயிற்று. மீனின் செய்தியில் நெடுங்காலம் பதிவாகவில்லை. இந்த வேறுபாட்டின் வரலாறு அகத்தியமலையின் மேற்குச் சரிவோடு பின்னிக் கிடக்கிறது.

அம்பூரி, பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு மூலையில், நெய்யாற்றின் மேற்பகுதியில் அமைந்த மலையடி ஊர். தெற்கே சிறிது தொலைவில் குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பகுதி. ஊர்ப்பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். 1958-இல் முற்றுப்பெற்ற நெய்யாறு அணையின் நீர்த்தேக்கத்துக்கு அப்பால், காட்டுக்குள், காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. தோணியேறிச் சென்றே அவற்றை அடைந்த காலம் நீண்டது. காணி மக்கள் அம்பூரிப் பக்கத்தில் மட்டும் வாழ்பவர்கள் அல்லர். குற்றிச்சல், விதுரை, பெரிங்ஙம்மலைப் பக்கங்களிலும், எல்லைக்கு இப்பால் பேச்சிப்பாறை, பாபநாசம் மலைகளிலும் அவர்களே வாழ்கின்றனர். 1956-இன் மாநில எல்லை ஒரே மலையையும் ஒரே குடியையும் இரண்டாக வகுத்தது. இந்த எல்லை பின்னர் வேறொரு கணக்கிலும் குறுக்கிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

தாவர ஆய்வில் தகவல் தந்தவரின் பெயரைப் பதிவது புதுமையன்று. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் 1675-இல் எழுதித் தந்த சான்றுரை அவர் பெயரோடும் கையெழுத்தின் வடிவத்தோடும் அச்சேறியுள்ளது. வான் ரீடை அறம் மட்டும் தூண்டியிருக்கும் என்று கருத வேண்டியதில்லை. நூலின் நம்பகத்தன்மைக்கு உள்ளூர் வைத்தியரின் சான்று அவருக்குத் தேவைப்பட்டது. எப்படியாயினும் பெயர் நின்றது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் அந்த வழக்கம் மங்கிற்று. லின்னேயசின் இருசொற் பெயர்முறை நிலைபெற்றபின், ஒரு சிற்றினத்தின் பெயருக்குப் பின்னால் அதனை அச்சில் விவரித்தவரின் பெயர் மட்டுமே இடம்பெறும் என்பது விதியாயிற்று. டிரைக்கோபஸ் பேரினத்தை 1788-இல் விவரித்தவர் ஜெர்மானியரான கார்ட்னர். ‘சைலானிக்கஸ்’ என்ற சொல் இலங்கையைக் குறிக்கும். பெட்டோம், பூர்தில்லான், ராம ராவ், கேம்பிள் எனத் தென்முனைக் காடுகளை ஆராய்ந்தோரின் வரிசை நீண்டது. பூர்தில்லானின் 1908-ஆம் ஆண்டு மரநூல் உள்ளூர்ப் பெயர்களையும் தருகிறது. மரத்தின் உள்ளூர்ப் பெயர் நூலில் ஏறியது. அதைச் சொன்னவரின் பெயர் ஏறவில்லை. (அகத்தியமலை உச்சியில் 1850-களிலேயே ஜான் ஆலன் புரூன் காந்தப்புல, வானிலை ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தினார். அந்த உயரத்துக்குக் கருவிகளைச் சுமந்து சென்ற தோள்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.)

மீனியலின் வரலாறு இதற்கு இணையாகவே சென்றது. பிரான்சிஸ் டே 1865-இல் ‘மலபாரின் மீன்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மருத்துவராக வந்து மீனியலாளரானவர் அவர். சிவப்புக் கோடோடும் அழகிய கெண்டை வகையொன்றுக்குச் சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். டெனிசன் அம்மீனைக் கண்டாரா என்பது வேறு கேள்வி. பின்னர் ஆர். எஸ். என். பிள்ளை 1929-இலும், சி. சி. ஜான் 1936-இலும் திருவிதாங்கூர் மீன்களைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினர். 1941-இல் ஹோராவும் லாவும் இந்திய அருங்காட்சியகப் பதிவேட்டில் வெளியிட்ட திருவிதாங்கூர் நன்னீர் மீன்கள் குறித்த கட்டுரை, அதன்பின் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளம். அதே ஆண்டில் ஹோரா விவரித்த டிராவன்கோரியா ஜோன்சி என்னும் பாறையொட்டி மீன், எஸ். ஜோன்ஸ் என்னும் மீனியலாளரின் பெயரைத் தாங்கியது. ஜோன்ஸ் பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானவர். சேகரித்தவரின் பெயர் மீனுக்கு வைக்கப்படுவது உண்டு. அதற்கு அவர் ஆய்வாளராகவோ அதிகாரியாகவோ இருந்தாக வேண்டும். தூண்டில்காரரும் ஓடையில் துணிவீசி மீன் அரித்தவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

செடியையும் மீனையும் சேர்த்துப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரைக்கோபஸ் இலங்கையில் உண்டு, மலேயாத் தீபகற்பத்தில் உண்டு, தென்முனை மேற்குத்தொடர்ச்சி மலையில் உண்டு. இடைப்பட்ட பெருநிலத்தில் இல்லை. மலையோடைகளில் பாறையைப் பற்றி வாழும் மீன்களின் உறவினங்களும் அவ்வாறே தென்கிழக்காசியாவிலும் மேற்கு மலையிலும் பிரிந்து கிடக்கின்றன. இதனை விளக்கவே ஹோரா 1940-களில் தம் சாத்பூரா கருதுகோளை வளர்த்தெடுத்தார். கிழக்கு இமயத்திலிருந்து விந்திய, சாத்பூரா மலைத்தொடர் வழியே, ஈரம் மிகுந்திருந்த பழங்காலத்தில் இம்மீன்கள் தெற்கே பரவின என்பது அதன் சாரம். ஈ. ஜி. சைலஸ் 1952-இல் அதனை மேலும் ஆராய்ந்தார். பிற்கால மரபியல் ஆய்வுகள், இவ்வினங்கள் அனைத்தும் ஒரே வழியில் ஒரே காலத்தில் வந்திரா என்ற ஐயத்தை வலுப்படுத்தின. பிரவீண் கரந்த் 2003-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தில் முக்கியமானது. கருதுகோள் தளர்ந்தாலும் ஹோரா எழுப்பிய வினா தளரவில்லை. ஓடைமீனை நிலவியல் வரலாற்றின் சான்றாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

1987 டிசம்பரில் நிகழ்ந்தது இந்த வரலாற்றின் திருப்பம். அகில இந்திய ஒருங்கிணைந்த இனவுயிரியல் ஆய்வுத் திட்டத்தின் குழுவொன்று, பி. புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காட்டுக்குச் சென்றது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் களைப்பே இல்லாமல் ஏறினர். இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டிருந்தனர். ஆய்வாளர்களுக்கும் கொடுத்தனர், உண்டவர்களுக்குச் சோர்வு நீங்கியதாகத் தோன்றிற்று. எந்தச் செடியின் காய் அது என்று கேட்டபோது, வெளியாருக்குச் சொல்லலாகாத குடிவழக்கு என்று முதலில் மறுத்தனர். தவறாகப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி கிடைத்த பின்னரே செடியைக் காட்டினர். அவ்வழிகாட்டிகளான மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் பின்வந்த ஆய்வு இலக்கியத்தில் நிலைபெற்றன. 1988-இல் ‘ஏன்ஷியன்ட் சயின்ஸ் ஆஃப் லைஃப்’ இதழில் வெளியான கட்டுரை, ஆரோக்கியப்பச்சையைக் காணிகளின் ஜின்செங் என்று தலைப்பிலேயே அறிவித்தது.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காணிகள் உண்டது காய். ஆய்வகம் மருந்தாக்கியது இலை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் இலையின் சாற்றை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதன் தயாரிப்புரிமை 7 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவற்றில் சரிபாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென்று நிறுவனம் முடிவு செய்தது. உயிரியல் பன்மய உடன்படிக்கை 1993 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்தியாவின் உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இல்தான் வந்தது. சட்டம் வற்புறுத்தாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்பதே இதன் சிறப்பு.

அதன் குறையும் அங்கேயே தொடங்கிற்று. பணத்தைப் பெறக் காணிகளுக்கு ஓர் அமைப்பு இல்லை. கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் 1997 நவம்பரில்தான் பதிவாயிற்று. சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் 1999 பிப்ரவரியில்தான் அதன் கணக்குக்குச் சென்றது. 1987-இல் காட்டிய செடிக்கு 1999-இல் பங்கு. அதற்கு முன்னரே, 1995-இல், காணிகளின் மரபு வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர் தங்கள் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்து மாநில முதல்வருக்குக் கடிதம் எழுதியிருந்தனர். ஆய்வு நிறுவனத்தின் உறவு பெரும்பாலும் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளோடுதான் இருந்தது. விதுரை, பெரிங்ஙம்மலைக் காணிகள் தாங்கள் கலந்து பேசப்படவில்லை என்று கருதினர். வழிகாட்டிகள் சொன்னது அவர்களின் சொந்த அறிவா, குடியின் பொதுச்சொத்தா, அதனைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியை அந்தப் பிலாத்திகள்தாம் முதலில் எழுப்பினர். கல்விப்புல விவாதங்கள் பின்னர் வந்தவை.

வனத்துறையின் தடை மற்றொன்று. செடி தன் இயல்பான காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் மருந்துக்குணம் நிறைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கூறினர். காட்டிலிருந்து இலை வெளியே போவதற்கோ வனத்துறை இசையவில்லை. ஆக, செடியை அறிந்தவர்கள் அதனைப் பயிரிட்டு விற்கும் வழி குறுகிற்று. இதற்கிடையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரையே தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. 2002-இல் ஜோகனஸ்பர்க் மாநாட்டை ஒட்டி ஐக்கிய நாடுகளின் பரிசு இந்தப் பங்கீட்டு முறைக்குக் கிடைத்தபோது, மலையில் மூலப்பொருள் வழங்கலே தடுமாறிக்கொண்டிருந்தது.

டிரஸ்டின் பெயரில் உள்ள ‘கேரள’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பேச்சிப்பாறைக் காணியும் பாபநாசம் காணியும் அந்தக் கணக்கில் வரவில்லை. மரபறிவு மலையின் எந்தச் சரிவில் தோன்றியது என்று எவராலும் கூற இயலாது. பங்கு மட்டும் 1956-இன் எல்லையோடு நின்றது. பாராட்டுரைகள் மிகுந்த ஆரோக்கியப்பச்சை இலக்கியத்தில் இந்தச் செய்தி உரிய கவனம் பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மீனுக்குத் திரும்புவோம். டெனிசனின் பெயர் பெற்ற மீன் இன்று உலகக் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. ராஜீவ் ராகவனும் பிறரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான, அழியும் நிலையிலுள்ள 30 நன்னீர் மீனினங்களின் எண்ணிக்கை 15 லட்சத்துக்குக் குறையாது. அவற்றுள் சிவப்புக்கோட்டுக் கெண்டைகள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். திருவிதாங்கூர்ப் பேத்தையும் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் உண்டு. இவற்றை எந்த மடுவில், எந்தப் பருவத்தில் பிடிக்கலாம் என்று அறிந்தவர்கள் ஆற்றங்கரை மக்கள். ஜீவனிக்கு எழுதப்பட்டது போன்ற பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்றும் மீனுக்கு எழுதப்படவில்லை. மருந்தறிவு ‘மரபறிவு’ எனப் பெயர் பெற்றது. மீன்பிடி அறிவு ‘கூலிவேலை’ என்ற வரிசையில் நின்றுவிட்டது. 2010-இல் கே. ரீமா தேவி, டி. ஜே. இந்திரா, மார்கஸ் நைட் ஆகியோர் குமரி மாவட்ட ஓடைகளிலிருந்து விவரித்த புதிய கெண்டையினமும் ரோஹன் பெத்தியகொட என்னும் இலங்கை ஆய்வாளரின் பெயரையே தாங்கியது. தகுதியான பெயர்தான், ஆயினும் பழைய மரபின் தொடர்ச்சியே.

அம்மரபிலிருந்து விலகிய பெயரொன்று 2023-இல் வந்தது. கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்தடி நீரில் வாழும், கண்ணில்லாத சிறு கெளுத்திகளைத் தேடி ஆறாண்டுகள் நடந்த ஆய்வில், கிணறு இறைத்தவர்களும் குழாயில் மீன் வரக்கண்ட வீட்டாரும் செய்தி அனுப்பினர். 47 புதிய இடங்கள் பதிவாயின. புதிதாக இனங்காணப்பட்ட கெளுத்திக்கு ஹோராக்ளானிஸ் பாப்புலி என்று பெயரிட்டனர். முதற்சொல் ஹோராவை நினைவூட்டுவது. இரண்டாவது சொல்லுக்கு இலத்தீனில் ‘மக்களுடைய’ என்று பொருள். அதே 2023-இல் உயிரியல் பன்மயச் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டில் எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும், பயிரிட்ட மூலிகைகளைக் கையாள்வோருக்கும் பங்கீட்டுக் கடமையிலிருந்து அத்திருத்தம் விலக்களித்தது. காணிகளின் அறிவு வாய்மொழியாக வந்தது. 1988-இலிருந்து அது ஆய்வு இதழ்களிலும் அச்சில் இருக்கிறது.