45 டிகிரியும் ஹேலியின் பாதியும்

பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த விடை இது: எறிபொருள் அதிக தூரம் போகணுமா, 45 டிகிரி. போன வாரம் அக்கா பையன் கேட்டான், "மாமா, மொட்டை மாடியில நின்னு எறிஞ்சாலும் 45தானா?" ஆமாம்டா என்று சொல்லிவிட்டேன். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தால், தப்பு.

45-க்கு வயது அதிகம். 1531-இல் வெரோனாவில் பீரங்கிக்கார நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு நிக்கோலோ டார்டாக்லியா சொன்ன பதில் அது. 1512-இல் பிரெஞ்சுப் படை பிரெஸ்ஸியாவைச் சூறையாடியபோது முகத்தில் வெட்டுப்பட்டுப் பேச்சு திக்கிப்போன சிறுவன்தான் அவர். டார்டாக்லியா என்றாலே திக்குவாயன். மனிதனைக் கொல்லும் கலையைச் செம்மைப்படுத்துவது பாவம் என்று தன் குறிப்புகளை எரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு துருக்கியர் படையெடுப்புப் பயம் வந்ததும் மனம் மாறி, 1537-இல் 'நோவா சயின்டியா'வை வெளியிட்டார். குண்டின் பாதை பற்றி அவர் நினைத்தது தப்பு, விடை சரி. பாதை பரவளையம் என்று 1638-இல் அச்சில் நிறுவியவர் கலிலியோ.

ஆனால் அந்த 45, கிளம்புகிற இடமும் விழுகிற இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான். கோட்டை மேலிருந்து கீழே சுட்டால்?

வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹேலி 1695-இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய விதி ஒரே வரிதான்: தலைக்கு நேர் மேலே போகும் கோட்டுக்கும் இலக்கைப் பார்க்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாதியாக்கு, குழாயை அந்தப் பாதியில் நிறுத்து. மிகக் குறைந்த வேகத்தில் குண்டு இலக்கை எட்டும். அதாவது, கையிலுள்ள வேகத்துக்கு அந்தத் திசையில் அதுவே அதிகபட்ச தூரம்.

சோதித்தேன். உயரம் 20 மீட்டர், வேகம் நொடிக்கு 20 மீட்டர், காற்றுத்தடை இல்லை. 45 டிகிரியில் எறிந்தால் சுமார் 55.5 மீட்டர். நுண்கணிதம் போட்டால் சிறந்த கோணம் 35.4 டிகிரி, தூரம் 57.4 மீட்டர். விழும் இடம் கிடைமட்டத்துக்கு 19.2 டிகிரி கீழே தெரியும். செங்குத்திலிருந்து அது 109.2. அதில் பாதி 54.6. 90-இல் அதைக் கழித்தால்? அதே 35.4!

சமதரையில் இலக்கு செங்குத்திலிருந்து 90 டிகிரியில் இருக்கும். பாதி 45. ஆக, நாம் மனப்பாடம் செய்தது ஹேலி விதியின் ஒரு மூலை மட்டும்.

மறுநாளே போன் போட்டேன். "மாமா நேத்து தப்பா சொல்லிட்டேன்டா. 45-ஐ மறந்துடு, பாதியை ஞாபகம் வச்சுக்கோ."