கூடாரமும் கொல்லிமலையும்

வீடு கட்டுகிறவன் இருக்கப் போகிறவன். கூடாரம் அடிக்கிறவன் புறப்படப் போகிறவன். இது எந்தப் பழமொழிப் புத்தகத்திலும் இல்லை. சேலம், நாமக்கல் சீமையின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டே போனபோது எனக்கே தோன்றியது.

1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரை ஆட்சி செய்ய அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னராகப் போய், தீவுத் திடலுக்கு அருகே குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1799 வரை இந்த மண்ணை அளந்தும், ரயத்துகளோடு பேசியும், வரி விதித்தும் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். அப்போது அவர் பிரமசாரி. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவருக்குக் கூடாரம் போதும் அல்லவா? அன்று தொடங்கிய வழக்கம் நிலைத்துவிட்டது. அதிகாரி வெளியூர் போயிருந்தால் 'முகாம் போயிருக்கிறார்' என்றுதான் நம் கச்சேரிகளில் சொன்னார்கள்.

அதிகாரியின் கூடாரம் வந்தால் ஊர் கொஞ்சம் நடுங்கும். பாலும் விறகும் வைக்கோலும் தானாகவே வந்து சேரும். சில நாளில் முளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் மூச்சு விடும்.

இக்காலத்துக் கூடாரம் வேறு ஜாதி. அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். பிறகு மலையும் பாலைவனமுமாக எத்தனையோ பூங்காக்கள் ஏற்பட்டன. மோட்டார் வந்ததும், தம்பதிகள் காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு அவற்றைச் சுற்றிப் பார்ப்பது அங்கே ஒரு வழக்கமாயிற்று. நம் பிள்ளைகளும் இப்போது ராஜஸ்தானத்து மணலுக்கும் நீலகிரிக்கும் அப்படிப் போய் வருகிறார்கள். நல்லதுதான். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் மௌனமாக இருப்பது இல்லறத்துக்கு எவ்வளவோ நன்மை செய்யும்! ஆனால் அந்தச் சந்தோஷத்தில் பாதி, திங்கட்கிழமை வீடு திரும்பிவிடலாம் என்ற நிச்சயத்தில் இருக்கிறது.

இந்த நிச்சயம் இல்லாமல் நம் மலைக்கு ஒரு தம்பதி ஏறினார்கள். அவர்கள் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியில் கிழக்கே பார்த்தால் கொல்லிமலை சுவர் வைத்தாற்போல் நிற்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. மேலே அறப்பளீசுவரர் கோயில். அதற்குக் கீழே ஆகாய கங்கை அருவி. சித்தர்கள் மூலிகை தேடிய குகைகளைப் பற்றியும், சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையைப் பற்றியும் எத்தனையோ கதைகள். மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வம்சம் தாங்கள் என்று அவர்களே சொல்லுவார்கள். சாமையும் நெல்லும் பயிரிட்டு, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் மலையைக் கண்டால் விடமாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம். 1820 முதல் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை நட்டார். ஏற்காடு உண்டாயிற்று, பங்களாக்கள் எழுந்தன. கொல்லிமலையும் ஏறக்குறைய அதே உயரம், அதே குளிர்ச்சி. அங்கே மட்டும் ஏன் பங்களாக்கள் எழவில்லை?

காரணம் காய்ச்சல். கொல்லி என்ற பெயருக்குப் பண்டிதர்கள் ஆயிரம் பொருள் சொல்லட்டும். கீழ்நாட்டுக்காரனுக்கு அது கொல்லுகிற மலை. மலைக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. தெளிந்து ஓடும் சிற்றோடையின் ஓரத்தில் பிறக்கிறது. கவிஞன் வர்ணிக்கும் பளிங்கு போன்ற நீரே அதற்குத் தொட்டில். கொசுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு எல்லாரும் காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள்.

இந்த மலைக்கு 1913-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவெலினும் குடிபோனார்கள். இருவரும் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவர்கள். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷம் வைத்தியம் படித்திருந்தார். டாக்டர் பட்டம் இல்லை. எவெலின் லண்டனில் செல்வர்கள் வாழும் பகுதியில், பணக்காரர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், கணவரைவிட ஆறு வயது மூத்தவர். அந்த ஆகஸ்டு மாதம் சேந்தமங்கலத்தில் கல்யாணம். கல்யாணம் ஆன கையோடு, கொட்டுகிற மழையில், டோலியிலும் காலாலும் மலை ஏறினார்கள். தேனிலவுக்குப் போனார்கள் என்று சொல்லலாம். போனவர்கள் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஜெஸ்ஸி மேலே ஒரு மரவீடு கட்டினார். கறையான் ஏறாதிருக்கத் தூண்களின் உச்சியில் இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வீட்டை நிறுத்தினார். ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருந்த நாட்கள் குறைவு. கிராமம் கிராமமாக நடந்தும் குதிரையிலும் போய், கூடாரம் அடித்துத் தங்கி, மருந்து கொடுத்து, பல் பிடுங்கி, பாடம் சொல்லி, தங்கள் மதத்தையும் போதித்து, அடுத்த ஊருக்குப் போவார்கள். மலைச்சரிவில் ஆரஞ்சுக் கன்று நட்டார்கள். தச்சு வேலையும் ஓடு செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. குடிக்கும் தண்ணீரோடு ஒரு பூச்சி உள்ளே போய், உடம்புக்குள் முழ நீளத்துக்கு வளர்ந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் புண் வைத்து வெளியே தலை நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். கால் சீழ் வைக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். நோயாளி கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால், பூச்சி ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். ஜெஸ்ஸி குச்சியில் சுற்றுவதோடு நிற்கவில்லை. யாரும் தண்ணீரில் கால் வைக்காதபடி கிணறுகளுக்குக் கற்சுவர் எழுப்பச் செய்தார். நூறு கால்களுக்குக் கட்டுப் போடுவதைவிட ஒரு சுவர் பெரிய வைத்தியம் என்பது கொத்தனாராக இருந்த வைத்தியருக்குத்தான் தோன்றும்.

"எல்லாம் சரி ஐயா, மதம் மாற்றத்தானே வந்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆமாம், அதற்குத்தான் வந்தார்கள். அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. நான் அவர்கள் மதத்தைச் சேர்ந்தவன் அல்ல. பிறர் தெய்வத்தைப் பொய் என்று சொல்லுகிற பேச்சில் எனக்குச் சம்மதமும் இல்லை. மலைமக்களுக்கும் சம்மதமில்லை போலும். மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பல வருஷங்கள் இப்படியே போயின. சாமி கோபித்துக்கொள்ளும் என்று பூசாரி எச்சரித்தார்; ஜனங்கள் ஒதுங்கியே நின்றார்கள்.

1918-ஆம் ஆண்டில் உலகமெல்லாம் பரவிய விஷக் காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறிவிட்டது. அதற்கு மருந்து லண்டனிலேயே கிடையாது. வீட்டுக்கு வீடு படுத்துவிட்டார்கள். தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நோயில் செத்தவர்களோடு, தாகத்திலும் பசியிலும் செத்தவர்களும் உண்டு. தம்பதிகள் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய், நல்ல தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தார்கள். மேல்நாட்டு வைத்தியம் கைவிரித்தபோது நம்மூர்க் கஞ்சி காப்பாற்றியது!

அந்தப் பூசாரியும் படுத்தார். அவர் மனைவியும் படுத்தாள். அவர்கள் வீட்டுக்குள் போக ஊரில் எவரும் துணியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தோடு போனவர்கள் இந்த இரண்டு பேர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். பெண் குழந்தை. அதன் பிறகே மலையில் சிலர் அவர்கள் பக்கம் வந்தார்கள். சாமி கும்பிடுவதில் ஆயிரம் பேதம் இருக்கலாம். சாகிற தகப்பன் தன் குழந்தையை யாரிடம் கொடுக்கிறான் என்பது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாம் மாற்ற முடியாது.

அவர்களுக்கும் இரண்டு குழந்தைகள். மூத்தவன் பால், 1914 ஜூலையில் பிறந்தவன், மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து பாடம் படித்தவன். ஒன்பது வயதில் அவனையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். இது எனக்கு ஜீரணமாகவில்லை. ஊரார் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டியவர்கள், தங்கள் குழந்தைகளை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விட்டு வந்தது நியாயமா? தியாகம் என்ற சொல்லைப் போட்டு மூடிவிடலாம். ஆனால் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவை அந்தக் குழந்தைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப் போகும் கொடிய காய்ச்சல். மலை இறங்க வண்டிப் பாதை கிடையாது. அதே மாதம் 15-ஆம் தேதி காலமானார். வயது 44. மலையிலேயே அடக்கம் செய்தார்கள். லண்டனில் இருந்த பையனுக்குத் தந்தி முதலில் போயிற்று. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வாராவாரம் வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதிய கடிதங்கள். பதினாலு வயதுப் பையன் அவற்றை எப்படிப் பிரித்துப் படித்திருப்பான்!

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். எவெலின் ஊருக்குப் போனார், சில காலம் இருந்தார், திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்யச் சொன்னது. வருஷக்கணக்கில் செய்தார். 1947-இல், ஏறக்குறைய எழுபது வயதில், ஓய்வு பெறும் நாள் வந்தது. அவரும் சரி என்று ஓய்வு பெற்றார். பெற்றதும் நேரே கொல்லிமலைக்கு ஏறிவிட்டார்! இனி அவரைத் திரும்பக் கூப்பிட எந்த அதிகாரமும் யாருக்கும் இல்லை. ஒரு சின்னக் குடிசை, ஒரு மட்டக் குதிரை, மடித்து எடுத்துப் போகும் கூடாரம். கணவரோடு திட்டமிட்டிருந்த மற்ற மலைகளுக்கும், பச்சைமலைக்கும் கல்வராயனுக்கும், தனியாகப் போனார்.

குதிரையிலிருந்து எத்தனையோ முறை விழுந்தார். கை ஒடிந்தது, முதுகெலும்பு விரிந்தது, மலேரியா மாறி மாறி வந்தது. எழுபத்தைந்தாவது வயதில் குடிசைக்குள் விழுந்து இடுப்பு முறிந்தது. கட்டிலில் கட்டிக் கீழே தூக்கி வந்தார்கள். மலையை விட்டுவிடும்படி மகன் மன்றாடினார். அம்மா கேட்கவில்லை. பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். தொண்ணூறு வயது தாண்டியும் குதிரை ஏறினார். கடைசி இருபது வருஷம் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. ஓவியம் பயின்ற கண்ணுக்கு மலை போதும் என்று நினைத்தாரோ என்னவோ!

மன்றாடிய அந்த மகனை நமக்குத் தெரியும். டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் தாமாகவே உதிர்வதில்லை; வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அழிகின்றன என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். மடங்கிப்போன விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தினார். டாக்டருக்குப் படிக்கும் முன் அவர் அப்பாவைப் போலக் கட்டட வேலை கற்றவர். அந்தக் கைத்திறன் எந்த மலையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எவெலின் 1974 டிசம்பர் 18-ஆம் தேதி, 95-ஆம் வயதில் காலமானார். மலைக்குக் கொண்டுபோய், ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இரண்டு மரணங்களுக்கும் இடையே நாற்பத்தைந்து வருஷம்.

இப்போது கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச் சாலை இருக்கிறது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து மலை அதைச் சேர்ந்தது. நரம்புச் சிலந்தியோ இந்தியாவிலேயே இல்லை; கடைசி நோயாளி 1996-இல்; ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்று கொடுத்தது. அதற்கு மந்திரமும் தடுப்பூசியும் காரணமல்ல. வடிகட்டிய தண்ணீரும் கிணற்றுச் சுவரும் குச்சியில் சுற்றும் பொறுமையும்தான்.

மலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். கூடாரம் அடித்துச் சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பளிங்கு நீரைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பதி கொடுத்த விலையை நாம் பெரிதாகப் பேசுகிறோம். பெயர் எழுதாத கல்லின் கீழே மலைமக்கள் அதே விலையைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தார்கள். இவ்விருவரும் வந்து அந்தக் கணக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களிடத்தில் நான் கண்ட பெருமை அதுதான்.