டோவரில் கொந்தளித்த கடல்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், பிரான்சு நாட்டை நோக்கியபடி அமைந்துள்ள டோவர் பழம்பெரும் துறைமுகப் பட்டினமாகும். உரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் அங்கே கோட்டைக் குன்றின்மேல் இன்றும் நிற்கிறது. மன்னர்க்குக் கப்பல் உதவிச் சலுகை பெற்ற ஐந்து துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய ஊரின் வரலாற்றைக் கல்லிலும் ஏட்டிலுமே நாம் தேடிப் பழகியிருக்கிறோம். 1895-ஆம் ஆண்டிலோ, ஒரு நிமிடமும் நீடிக்காத அசையும் படம் ஒன்று புதுச் சான்றாக வந்து சேர்ந்தது.

அது பிறந்த கதை சுவையானது. எடிசனின் கினிட்டாஸ்கோப் என்னும் பெட்டியில் ஒருவர் மட்டுமே குனிந்து படம் பார்க்க இயலும். அதற்கு இங்கிலாந்தில் அவர் காப்புரிமை பெறவில்லை. ஆகவே இலண்டனில் கருவிகள் செய்துவந்த இராபர்ட் பால், அதே போன்ற பெட்டிகளைச் செய்து விற்றார். ஆனால் அவற்றில் ஓட்டுவதற்குப் படச்சுருள் வேண்டுமே! எடிசன் தரப்பினர் அதைத் தர மறுத்தனர். வேறு வழியின்றிப் பால், பர்ட் ஏக்கர்ஸ் என்னும் புகைப்பட வல்லுநருடன் கூடிப் படம்பிடிக்கும் கருவியையும் ஆக்கினார். அவ்வாண்டே இருவரும் பிணங்கிப் பிரிந்தனர் என்பது வேறு கதை.

டோவர்க் கடலைப் படம் பிடித்தவர் ஏக்கர்ஸ். கடலுக்குள் நீண்டு செல்லும் கற்சுவரின்மீது அலைகள் மோதிச் சிதறுகின்றன, படம் அவ்வளவே. 1896 ஜனவரி 14-இல் இலண்டன் இராயல் புகைப்படச் சங்கத்தார்க்கு அவர் அதைத் திரையில் காட்டினார். ஏப்ரல் 23-இல் நியூயார்க்கில் எடிசன் பெயரால் நடந்த முதற்காட்சியிலும் அது இடம்பெற்றது. நடனமும் குத்துச்சண்டையுமாக ஓடிய பிற படங்களைவிட, இந்த ஆங்கிலக் கடலுக்கே கரவொலி மிகுந்தது. முன்வரிசையினர் நனைந்துவிடுவோமோ என அஞ்சினர் என்று நாளிதழ் ஒன்று எழுதிற்று. சுருள் தர மறுத்தவரின் அரங்கிலேயே அம்மறுப்பின் விளைவு வெற்றி பெற்ற விந்தையை என்னென்பது!

நேயர்களே, முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்த நான், அப்படத்தைக் கண்டபோது அலையை விட்டுச் சுவரையே நோக்கினேன். ‘அட்மிரல்டி பியர்’ என்னும் அச்சுவரின் வேலை 1847-இல் தொடங்கிற்று. 1875-இல் அங்கிருந்துதான் மாத்யூ வெப் கடலில் குதித்து, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பின்னர் 1898 முதல் 1909 வரை கடற்படைக்கெனப் பெருந்துறைமுகம் கட்டப்பட்டபோது, சுவர் மேலும் நீண்டது. வேறு சுவர்களும் எழுந்து விரிகுடாவை வளைத்துக்கொண்டன. அந்த மாற்றத்துக்கு மூன்றாண்டு முந்திய டோவர் இப்படத்தில் இருக்கிறது. ஏக்கர்ஸ் வேண்டியது அலையை. அலை எக்காலத்துக்கும் பொது. அவர் பொருட்படுத்தாத சுவரே ஆண்டு சொல்லும் சான்று.

அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. தாமாகவே மட்கியும் போவன. பெரும்பாலானவை அழிந்தே விட்டன. பால் 1910-இல் திரைத்தொழிலைக் கைவிட்டு, மின்கருவி செய்யும் பழைய தொழிலுக்கே திரும்பினார். ஏக்கர்ஸ் 1918-இல் மறைந்தார். அவர் பிடித்த அலையோ இன்றும் அச்சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது, ஓசையில்லாமல்.