எழுத்துக்கு ஓர் எண்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் நாம் முதலில் காணும் ஊர் ரிங்லெட். அதன் சுற்றுப்புறத்தில் 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைச் சரிவுகளுக்குக் கொழுந்து பறிக்க வந்த தமிழர்களுக்கும் தமிழகத்தில் இருந்த அவர்களுடைய உறவினர்களுக்கும் இடையே கடிதமே பாலமாக இருந்தது. அக்கடிதம் எந்தக் கம்பெனியின் பேனாவால் எழுதப்பட்டது என்று யாரும் கேட்டதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம்.

1990ஆம் ஆண்டுகளில் அதே கடிதத்தைக் கணிப்பொறியில் எழுதி அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. எழுதியவர் வைத்திருந்த அதே எழுத்துரு, பெறுபவரிடமும் இருக்க வேண்டும். இல்லையேல் திரையில் தமிழ் தோன்றாது. பொருளற்ற கிறுக்கலே தோன்றும். இந்த விந்தை ஏன் நேர்ந்தது, எவ்வாறு நீங்கியது என்பதை இன்று காண்போம்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. அந்நாளில் இதற்கு 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியவை. தமிழுக்கு எந்த இடம் என்று பொதுவான முடிவு வேரூன்றாத நிலையில், மென்பொருள் தயாரித்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணிப்பொறி சேமிப்பது 109, 107, 59, 107, 104 என்ற எண்களை. பாமினி இல்லாத கணிப்பொறியில் இவை வெறும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே காட்சி தரும்.

இந்த நோய் தமிழுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கதையும் இதுவே. பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் அதைத் தன் வழியில் வளர்த்தது, சன், ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் தத்தம் வடிவங்களை விற்றன. பெயர் ஒன்றாக இருந்தும், ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் திருத்தமின்றி ஓடுவது அரிதாயிற்று. 1988இல் போசிக்ஸ் என்ற பொதுத்தரம் வெளிவந்தது. இயங்குதளத்தின் உள்ளே என்ன செய்வது என்பதை அது தயாரிப்பாளருக்கே விட்டது. நிரல்கள் இயங்குதளத்தை எப்படி அழைக்க வேண்டும் என்பதை மட்டும் வரையறுத்தது. போட்டி உள்ளே இருக்கட்டும், வாசல் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அதன் கருத்து.

தமிழர்களும் இந்த வாசலைத் தேடினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக டாப், டாம் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைத்தன. ஆயினும் இணையத்தில் ஆர்வலர்கள் கூடி வகுத்த டிஸ்கி முறை வேறாகவே வழங்கிவந்தது. பல அட்டவணைகள் சிலவாகக் குறைந்தன, ஒன்றாகவில்லை.

அந்த ஒருமையைத் தந்தது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு. 1991இலேயே அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ‘க’ என்றால் 2965. எந்த எழுத்துருவானாலும், எந்த நாடானாலும் அதே எண். விண்டோஸ் 2000 இயங்குதளம் இதனை ஏற்ற பின்னரே பரவலான பயன்பாடு தொடங்கியது. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனியிடம் இல்லையே என்ற குறை எழுந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், அக்குறையைத் தீர்க்க வகுக்கப்பட்ட டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது.

நேயர்களே, இவ்வரலாறு முற்றும் முடிந்துவிடவில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய சங்கக் கணக்குகள், பள்ளி மலர்கள், குடும்பக் கடிதங்கள் இன்னும் பழைய வட்டுகளில் கிடக்கக்கூடும். எந்த எழுத்துருவில் எழுதியது என்று அறிந்தவர் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுதல் நலம். ரிங்லெட்டின் பாட்டனார் மையில் எழுதிய கடிதத்தைப் பேரன் இன்றும் படிக்கலாம். தந்தை 1995இல் கணிப்பொறியில் எழுதியதையும் அவன் படிக்க வேண்டாமா? எழுத்தின் அழகு அவரவர் விருப்பம். அதன் எண் நம் அனைவருக்கும் பொது.